தம்பியும் அவன் தோழியும் ஒருவர் முகத்தில் ஒருவர் ஒப்பனை செய்கிறார்கள்: ஒளிகிறார்களா, வெளியே வருகிறார்களா?

மூத்தவள்

என் தம்பிக்கு 15 வயது. இரண்டு கன்னங்களிலும் நெற்றியிலும் பருக்கள். ஒன்று அமுங்குவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. தாடையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவான். படம் எடுக்கக் கூப்பிட்டால், "நீங்கள் நில்லுங்கள், நான் எடுக்கிறேன்" என்று கைப்பேசியை வாங்கிக்கொள்வான். எங்கள் வீட்டுப் படங்களில் அவன் மட்டும் இருக்கமாட்டான்.

அவன் வகுப்பில் ஒரு பெண். அவளுக்கு இடது கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் வெண்புள்ளிகள். பள்ளி நாடகம் ஒன்றில் இவனுக்குக் கிழவன் வேடம், ஒப்பனை அவள் பொறுப்பு. நாடகம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது, இவர்கள் இருவரும் விடவில்லை. சனிக்கிழமை ஆனால் கூடத்தில் கண்ணாடியைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் இவன் கன்னத்தில் தீக்காயம், மறு வாரம் அவள் நெற்றியில் இறகு. மாலையில் எல்லாவற்றையும் கழுவிவிட்டு வெறும் முகத்தோடுதான் இருப்பான். பள்ளிக்கும் அப்படியே போகிறான்.

"ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பூச்சு?" என்கிறார் அப்பா. அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. என் கவலை வேறு. தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவன் அதை இன்னொன்றாக மாற்றுவதில் இன்பம் காண்கிறான் என்றால், அது நல்ல அறிகுறியா? நாளைக்கு அது இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டேன் என்று நின்றால் என்ன செய்வது? இந்தத் துறையில் இருப்பவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பாசாமி

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உள்ளே தைரியத்தை வளர்க்காமல் வெளியே சாயம் பூசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரு இந்த வயதில் வரும், போகும். எங்களுக்கும் வந்தது. யாரும் தூரிகையைத் தூக்கவில்லை. உங்கள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது அம்மா. ஆண், பெண் என்கிற பாதியை விட்டுவிடுகிறேன், மற்ற பாதி.

பின்மேடை

மூத்தவள், மேடை ஒப்பனை என் தொழில். பள்ளி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: கழுவிவிட்டு வெறும் முகத்தோடு பள்ளிக்குப் போகிறான். மறைப்பதற்காகப் பூசுகிறவர் கழுவுவதை ஒத்திப்போடுவார். வேலைக்காகப் பூசுகிறவர் வேலை முடிந்ததும் கழுவுவார். அடுத்த வேலைக்குத் தோல் காலியாக இருக்கவேண்டுமே.

கிழவன் வேடம் என்றீர்கள். அதை எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். முதலில் ஒப்பனைக்கு உட்கார்ந்தவரைப் புருவத்தைச் சுருக்கச் சொல்வோம், சிரிக்கச் சொல்வோம், கண்ணை இடுக்கச் சொல்வோம். எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கேதான் கோடு. கற்பனையாக ஒரு கோடு இழுத்தால் மூன்றாவது வரிசைக்கே பொய் தெரிந்துவிடும். மடிப்பின் பள்ளத்தில் கரும்பழுப்பு, அதன் மேல்விளிம்பில் வெளிர்நிறம், இரண்டும் சேரும் இடத்தை விரல் நுனியால் கரைக்கவேண்டும். அதற்குப் பிறகு ஒரே சீராக இருக்கும் தோலைக் கெடுப்போம்! சொரசொரப்பான ஸ்பாஞ்சில் இரண்டு மூன்று நிறம் தொட்டு, லேசாகத் தட்டித்தட்டிப் புள்ளி வைப்போம். வழவழப்பான முகம் எங்களுக்குத் தலைவலி. மேடுபள்ளம் உள்ள தோலில் வெளிச்சம் தானாகவே உடையும், பாதி வேலை மிச்சம். பரு உள்ள பையன் ஒருவனிடம் இதை நான் சொன்னபோது, கேலி செய்கிறேன் என்று நினைத்தான். வேலையைப் பார்த்த பிறகு நம்பினான்.

அதாவது, அந்தக் கண்ணாடியில் உங்கள் தம்பி பார்ப்பது தன் குறையை என்று நினைக்காதீர்கள். எங்கே நிழல் விழுகிறது, எங்கே நிறம் பிடிக்கவில்லை என்று பார்க்கிறான். அந்தப் பார்வைக்குப் பழகியவன் பருவையும் அப்படித்தான் பார்ப்பான்.

இரண்டு பேராகச் செய்வதும் புதிதல்ல. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் பதின்ம வயதிலேயே வீட்டில் ரப்பர் முகமூடிகள் செய்துகொண்டிருந்தவர். அதே துறையில் அப்போதே பெயர் பெற்றிருந்த டிக் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். தொழில் ரகசியத்தை எல்லோரும் பூட்டிவைத்திருந்த காலத்தில் ஸ்மித் இந்தப் பையனைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தார், பிறகு உதவியாளராகவும் சேர்த்துக்கொண்டார். ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் நிரந்தரப் பிரிவு வந்து 1982இல் முதல் விருது கொடுத்தபோது அதை வாங்கியவர் அந்தப் பேக்கர்தான்.

கண்ணாடிக்காரன்

நான் உளவியல் படித்தவன், ஆகவே கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். வளரிளம் பருவத்தினர் எப்போதும் தம்மை ஒரு கூட்டம் கவனித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். டேவிட் எல்கைண்ட் 1967இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்' என்று எழுதினார். 2000இல் தாமஸ் கிலோவிச் குழுவினர் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கூச்சம் தரும் படம் போட்ட பனியனை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர் நினைத்தார். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

யாருமே அவ்வளவு பார்ப்பதில்லை என்றால், பூசுவதற்கு என்ன தேவை? இந்தச் சோதனையைத் தம்பியிடம் சொல்லிப்பாருங்கள். ஒப்பனைப் பெட்டியைவிட அது பயன்படும்.

மூத்தவள்

சொல்லியாயிற்று. "அப்படியென்றால் கால்வாசிப் பேர் பார்க்கிறார்கள்" என்றான்.

நடுப்பக்கம்

தம்பி வக்கீலாகப் போகலாம்.

பதினாறு

எனக்கு 16 வயது. நானும் என் தோழியும் இதையே செய்கிறோம், அதனால் எழுதுகிறேன். பெரியவர்கள் மன்னிக்கவும்.

கண்ணாடிக்காரன் அண்ணா, யாரும் பார்ப்பதில்லை என்று கேட்டால் எங்களுக்கு ஆறுதல் வருவதில்லை. யாராவது பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்கவேண்டும், அதுதான் வேண்டும். என் பருக்களைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். "தண்ணீர் நிறையக் குடி" என்று சொன்னவர்களும் நிறையப் பேர். பக்கத்தில் வந்து பார்த்தவள் என் தோழி ஒருத்திதான். ஒரு சாண் தூரத்தில், விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். முதல் தடவை எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் கண்டுகொள்ளவே இல்லை. "அசையாதே, இமை ஈரமானால் கோடு கலையும்" என்றாள். அவளுக்கு அது ஒரு கோடு, அவ்வளவுதான்! அன்று எனக்கு ஏதோ இறங்கிவிட்டது.

பிறகு முறை மாறும், நான் அவள் முகத்தில் செய்வேன். அவளைப் பேரழகி என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் பார்த்தால் ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே. மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். "உனக்கு இப்போதுதான் தெரிகிறதா, எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அதே நினைப்புதான்" என்றாள். அவளுக்குமா என்று ஆகிவிட்டது எனக்கு.

கண்ணாடிக்காரன்

பதினாறு தங்கை, மன்னிப்பெல்லாம் எதற்கு? நான் சொன்னதைவிட நீ சொன்னது கனமானது. ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக அல்ல, அதைச் சொல்லப் பிறகு வருகிறேன்.

நீ சொல்வதற்குத் துணையாக ஒன்று. 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் செய்த ஆய்வு இது. ஒருவரின் புகைப்படத்தையும், அதையே இடம்வலம் மாற்றிய படத்தையும் அவரிடமே காட்டினார்கள். பெரும்பாலும் அவருக்குப் பிடித்தது கண்ணாடியில் பார்த்துப் பழகிய, மாற்றிய படம். அவருடைய தோழியிடம் காட்டினால் உள்ளபடி இருக்கும் படம். எது பழகியதோ அதுதான் பிடிக்கிறது. ஆக, உன் முகத்தைப் பற்றி நீ வைத்திருக்கும் கருத்தும் உன் தோழி வைத்திருக்கும் கருத்தும் ஒரே படத்தைப் பற்றியவை அல்ல.

கைப்பேசியை இன்னும் நம்பக்கூடாது. ஏறத்தாழ 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் தற்படத்தில், 5 அடி தள்ளி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், மூக்கு 30 சதவீதம் வரை அகலமாகத் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூக்கைப் பார்த்து அழுகிற பிள்ளைகள் பாதிப் பேர் லென்ஸைப் பார்த்து அழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்பாசாமி

இது எல்லாம் சரி. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவ்வளவு நெருக்கத்தில் முகத்தோடு முகம் வைத்து உட்காருவதை யாரும் பேசவில்லையே? வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா?

மூத்தவள்

இருக்கிறோம் ஐயா. கூடத்தில் உட்காருகிறார்கள், அம்மா குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருக்கிறாள், அந்தப் பெண்ணின் தாயாருக்கும் தெரியும். நெருக்கத்தைவிட அவர்கள் போடும் சண்டைதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. அதைத்தான் எழுதவந்தேன்.

ஒருமுறை இவன் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இறகு வரைகிறேன் என்ற பெயரில், கண்ணைச் சுற்றியிருந்த வெண்புள்ளிகளின் மேல் அவள் தோல் நிறத்திலேயே ஃபவுண்டேஷன் கலந்து பூசி மறைத்துவிட்டான். மிக நன்றாகக் கலந்திருந்தான், விளிம்பே தெரியவில்லை. திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறான். அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நான் கேட்டேனா?" என்றாள். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு, பிரஷ்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சில வாரங்கள் சனிக்கிழமை சப்தமே இல்லை. பிறகு அவளே வந்தாள். இப்போது, என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் தாளில் வரைகிறார்கள், பிறகுதான் முகம். போன வாரம் அவள் தன் வெண்புள்ளிகளின் ஓரத்தை மெல்லிய நீலக்கோட்டால் சுற்றி வரையச் சொன்னாள், உள்ளே எதுவும் பூசக்கூடாது என்றாள். தீவுகள் சிதறிக் கிடக்கும் கடல் வரைபடம் போல ஆகிவிட்டது. அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பவேண்டும் என்று இவனுக்கு ஆசை. அவள் வேண்டாம் என்றாள். அனுப்பவில்லை.

பின்மேடை

இதுவரை எழுதியதிலேயே இதுதான் விஷயம். எங்கள் வேலையில் முதல் பாடமும் இதுவே: முகம் யாருடையதோ முடிவு அவருடையது. கை எவ்வளவு கெட்டிக்காரக் கையாக இருந்தாலும் சரி. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே இதைக் கற்றுக்கொள்ளாமல் இருக்கிறார்கள், நடிகர் வாயைத் திறந்தால் எரிச்சல்படுவார்கள்.

உங்கள் தம்பி அன்று செய்தது கெட்ட எண்ணத்தால் அல்ல. தன் முகத்துக்கு யாராவது செய்தால் நன்றாக இருக்கும் என்று அவன் ஏங்கியதை அவள் முகத்துக்குச் செய்துவிட்டான். அவளுக்கு வேண்டியது வேறு. கூட்டாளி என்று ஒருவர் இருந்தால்தான் இந்த வேறுபாடு தெரியவரும். தனியாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் தெரியாது.

தாளில் வரைகிறார்கள் என்றீர்களே, அதற்கு நாங்களும் முகப்படத் தாள்தான் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள் பாருங்கள்.

செவிலி

தோல்நோய்ப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். உடம்பு சம்பந்தமாக யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

பரு அழுக்கால் வருவதில்லை. மயிர்க்கால்களில் எண்ணெய்ச் சுரப்பு அதிகமாகி, இறந்த செல்கள் வாயை அடைத்து, உள்ளே கிருமி பெருகி அழற்சி வருகிறது. 12 வயதிலிருந்து 24 வயதுக்குள் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மோசமாகும். அப்பாசாமி ஐயா "வரும், போகும்" என்றார். பரு போகும், ஆனால் ஆழமான பரு விட்டுச்செல்லும் பள்ளம் போகாது. ஆகவே மருத்துவரிடம் காட்டுவது பூச்சுக்கு மாற்று என்று நினைக்கவேண்டாம், இரண்டும் தனித்தனி வேலை. களிம்பு தொடங்கினால் பலன் தெரிய 6 முதல் 8 வாரமாவது ஆகும். அதற்குள் பிள்ளைகள் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

மேக்கப் போடலாமா? போடலாம். துளைகளை அடைக்காது என்று குறிப்பிட்ட வகையைப் பார்த்து வாங்குங்கள், தூங்கும் முன் கட்டாயம் நீக்குங்கள். சிவந்த பருவின் மேல் பச்சை கன்சீலர் (மறைப்புப் பூச்சு) வைத்து அதன்மேல் தோல் நிறம் வைக்கிறார்கள், சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை என்பதால். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் பரு ஆறினால் தங்கும் தழும்பு பெரும்பாலும் கரும்பழுப்பு. அதற்குப் பச்சை வைத்தால் சாம்பல் பூசியது போலாகும். ஆரஞ்சு சார்ந்த நிறம்தான் எடுபடும். வெள்ளைத் தோலை வைத்து எடுத்த காணொளிகளைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான்.

வெண்புள்ளி தொற்றாது, வலிக்காது. அந்த இடத்தில் நிறமி செல்கள் இல்லை, ஆகவே வெயிலில் சீக்கிரம் பொசுங்கும். ஒப்பனை இருக்கிறதோ இல்லையோ, சன்ஸ்கிரீன் தவறக்கூடாது. மறைக்க விரும்புகிறவர்கள் மறைக்கலாம், அதிலும் அவமானம் ஒன்றுமில்லை. முகத்தில் பிறவியிலேயே கருஞ்சிவப்பு மச்சம் இருந்த லிடியா ஓ'லியரி தனக்காகவே ஒரு மறைப்புக் களிம்பு செய்து, 1932இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் 1975இலிருந்து மறைப்பு ஒப்பனையை ஒரு சேவையாகவே நடத்திவந்தது, 2011இல் அதைச் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவர்கள் பூசிவிட்டு அனுப்புவதில்லை, வந்தவருக்கே பூசக் கற்றுக்கொடுப்பார்கள். தேவைப்படும் நாளில் பூசுவார், இல்லாத நாளில் சும்மா இருப்பார்.

இரண்டு பேராகச் செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது: மஸ்காராவையும் கண்மையையும் ஒருவருடையதை ஒருவர் தொடவே கூடாது. ஸ்பாஞ்ச் ஆளுக்கு ஒன்று. க்ரீமை டப்பாவிலிருந்து சிறு தட்டில் வழித்து எடுத்து அங்கிருந்து பூசுங்கள். மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கி எறியுங்கள், பாதி மீதி இருந்தாலும்.

கண்ணாடிக்காரன்

பிறகு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? மூத்தவள் கேட்ட இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். இந்த இருவருக்கும் இது நன்றாகவே நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்காது. பள்ளிக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்து பூசுகிறவர்கள், மழை வந்தால் வெளியே வராதவர்கள், கண்ணாடியை விட்டு நகரமுடியாதவர்கள் அல்லது கண்ணாடி இருக்கும் பக்கமே போகாதவர்கள், மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தூரிகையை எடுத்துக்கொடுத்து "கலை" என்று சொல்வது ஆபத்து. உருவம் பற்றிய அந்த ஓயாத கவலை பெரும்பாலும் 12, 13 வயதில்தான் தலைகாட்டத் தொடங்குகிறது, அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

செவிலி

இதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பார்த்தவரையில் ஒரு சிறு வேறுபாடும் உண்டு. அந்தக் கவலையில் இருக்கும் பிள்ளை யாரையும் தன் முகத்தைத் தொடவிடாது.

பதினாறு

மூத்தவள் அக்கா, இன்னொன்று. தம்பியிடம் "உன் முகம் இப்போது எவ்வளவோ தேவலை" என்று சொல்லாதீர்கள். என் சித்தி சொல்வாள். அப்போதுதான் முகம் ஞாபகத்துக்கு வரும். "அந்தத் தீக்காயத்தின் ஓரம் எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள், நிறுத்தாமல் பேசுவான்.

அப்பாசாமி

என் பேத்திக்கு 14 வயது. அவளும் இப்படித்தான் அறைக்குள்ளேயே கிடக்கிறாள். கேட்டால் பதில் இல்லை. அவளுக்கு இந்த மாதிரி ஏதாவது வாங்கிக்கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாளா? "உன் முகம் சரியில்லை" என்று தாத்தா சொல்வது போல ஆகிவிடுமா?

பின்மேடை

ஆகிவிடும் ஐயா, கன்சீலர் வாங்கிக்கொடுத்தால். முகத்தில் வரையும் வண்ணம் என்று தனியாக இருக்கிறது, தண்ணீரில் கரையும் வகை. அதை வாங்கி உங்கள் முகத்தைக் கொடுங்கள். புலி வரையச் சொல்லுங்கள். சுருக்கம் உள்ள முகத்தில் கோடு எப்படி ஓடுகிறது என்று அவளுக்குப் புதிதாகவும் இருக்கும்.

நடுப்பக்கம்

படம் எங்களுக்கு வேண்டும் ஐயா.

அப்பாசாமி

முகம் யாருடையதோ முடிவு அவருடையது என்று மேலே எழுதியிருக்கிறார்கள்.

மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. இழையைத் தம்பிக்குக் காட்டினேன், முழுவதும் படித்தான். செவிலி அக்கா சொன்ன ஆரஞ்சு விஷயத்தை மட்டும் அவளுக்கு அனுப்பினான். "இதை யாரும் நமக்குச் சொல்லவே இல்லை பார்" என்று அதன்கீழ் எழுதியிருந்தான். அடுத்த வாரம் லேட்டக்ஸ் (ரப்பர்ப் பால்) வைத்துப் பொய்க் காயம் செய்யப்போகிறார்களாம். புருவத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று பின்மேடை அவர்களிடம் கேட்கச் சொன்னான்.

பின்மேடை

புருவத்தின் மேல் நேரடியாக வேண்டவே வேண்டாம், உரிக்கும்போது மயிரோடு வரும். வாசலினை நன்றாகத் தடவிப் புருவத்தைப் படியவைத்த பிறகுதான் பக்கத்தில் போகவேண்டும். அதற்கு முந்தைய நாளே முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள், லேட்டக்ஸ் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மோனியா நெடி இருக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். பழுத்த பருவின் மேல் வைக்கவேண்டாம், ஆறிய இடத்தில் வைக்கலாம். கைவினைக் கடையில் விற்கும் மினுமினுப்புத் தூளைக் கண்பக்கம் கொண்டுபோகவே கூடாது, விழியைக் கீறிவிடும். உரிக்கும்போது ஓரத்தில் எண்ணெய் விட்டு மெல்லச் சுருட்டவேண்டும், வெடுக்கென்று இழுக்கக்கூடாது. யார் முகத்தில் செய்கிறார்கள்?

மூத்தவள்

இவன் முகத்தில். அவள்தான் வைக்கிறாள். தாள் வரைந்தாயிற்று.